காட்சிகள் கரையும் கணக்கு

திரையில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிவக்கிறது. சற்று நேரத்தில் திரை முழுவதும் ஒரே சிவப்பு! பிறகு அந்தச் சிவப்பு கலைந்து வேறொரு காட்சி தெரிகிறது. சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1972-இல் வெளியிட்ட ‘கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்’ என்ற படத்தில் காட்சிகள் இப்படித்தான் மாறுகின்றன.

அன்று இதற்குத் திரைப்படத் தொழிற்சாலையே வேண்டியிருந்தது. இன்று பள்ளி மாணவர்களே ஆண்டுவிழாப் படத்தைக் கணிப்பொறியில் தொகுக்கிறார்கள். இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து வைத்து, நடுவே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே நடப்பது என்ன? பார்ப்போமா?

இரண்டு விளக்குகள்

சினிமா பிறப்பதற்கு முன்பே இந்த வித்தையை மனிதர் அறிந்திருந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் ‘மாய விளக்கு’ என்றொரு கருவி இருந்தது. கண்ணாடியில் தீட்டிய படத்தை விளக்கொளியால் திரையில் விழச்செய்யும் கருவி அது. இரண்டு மாய விளக்குகளை ஒரே திரையை நோக்கி வைப்பார்கள். ஒன்றின் ஒளியைக் குறைத்துக்கொண்டே மற்றதன் ஒளியைக் கூட்டுவார்கள். கோடைக்காலக் காட்சி கரைந்து பனிக்காலக் காட்சி தோன்றும்!

கணிப்பொறியும் இதையேதான் செய்கிறது. ஆனால் அதனிடம் விளக்கு இல்லை, எண்கள்தாம் உண்டு.

மூன்று எண்கள்

கணிப்பொறித் திரையின் படம் சிறுசிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும்.

வானத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் எண்கள் 100, 160, 220. இது 200, 0, 0 என்ற சிவப்பாக மாறவேண்டும். கால் பங்கு வழியில் 125, 120, 165. பாதி வழியில் 150, 80, 110. முக்கால் வழியில் 175, 40, 55. வெறும் பின்னக் கணக்குதான்!

ஆனால் எத்தனை முறை தெரியுமா? நீளவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் உள்ள படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள் என்றால், ஒரே வினாடியில் 15 கோடிக்கும் அதிகமான எண்களைக் கணிப்பொறி கணக்கிட வேண்டும்.

ஒளி எங்கே போயிற்று?

முழுச் சிவப்பிலிருந்து முழுப் பச்சைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பாதி வழியில் 128, 128, 0 என்று வரும். கணக்கு சரி. ஆனால் திரையில் தெரிவதோ மங்கிய, அழுக்கான ஒரு மஞ்சள்! ஏன்?

128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை. அது 255 தரும் ஒளியில் ஏறக்குறைய 22 சதவிகிதம்தான்! பாதி ஒளிக்கு உரிய எண் 188. இப்படி வைத்ததற்குக் காரணம் நம் கண். இருட்டறையில் ஒரு விளக்கின் அருகே இன்னொன்றை ஏற்றினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நூறு விளக்குகள் எரியும் மண்டபத்தில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. எனவேதான் இருண்ட சாயல்களுக்கு அதிக எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

எண்களை முதலில் உண்மையான ஒளி அளவாக மாற்றி, கலந்து, பிறகு மீண்டும் எண்களாக்கினால் 188, 188, 0 என்ற ஒளிமிக்க மஞ்சள் கிடைக்கும். சில தொகுப்பு மென்பொருள்களில் ‘லீனியர்’ என்று காணப்படும் வசதி இதற்காகவே.

கண் தாங்குமா?

நிறத்தை மாற்றும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பான் தொலைக்காட்சியில் ‘போக்கிமான்’ கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பாயிற்று. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறிமாறி மின்னின. சில வினாடிகள்தாம். ஆனால் பார்த்த குழந்தைகளில் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலருக்கு வலிப்பு வந்திருந்தது.

சிலருடைய மூளையில், கண்ணைப் பறிக்கும் மின்னல்கள் எண்ணற்ற நரம்புச் செல்களை ஒரே நேரத்தில் தூண்டிவிடுகின்றன. அதுவே வலிப்பாகிறது. அடர்ந்த சிவப்பு மின்னல் இதில் மிகக் கொடியது. தமக்கு இந்தத் தன்மை இருப்பதே பலருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு வினாடிக்குள் 3 மின்னல்களுக்கு மேல் கூடாது என்பது இன்று படம் தயாரிப்போர் பின்பற்றும் விதி. ஒரு வினாடி எடுத்துக்கொண்டு மெதுவாக ஒரே முறை சிவந்து மாறும் காட்சியால் இந்த ஆபத்து இல்லை. படபடவென்று மின்னும் காட்சிகளை உங்கள் படத்தில் சேர்க்காதீர்கள். பார்ப்பவர்களில் ஒருவருக்கு அது தீங்காகலாம்.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் விளக்குகளில் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சைக் கண்ணாடிக் காகிதம் கட்டுங்கள். இருட்டறையில், வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் ஒளி விழட்டும். நீங்கள் சிவப்பு விளக்குடன் பின்னால் நகருங்கள்; நண்பர் பச்சை விளக்குடன் முன்னால் வரட்டும். நடுவழியில் சுவரில் என்ன நிறம் தெரிகிறது? பிறகு அதே மாற்றத்தைக் கணிப்பொறியில் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மென்பொருள் ஒளியைக் கலக்கிறதா, வெறும் எண்களைக் கலக்கிறதா என்பது விளங்கிவிடும்!