இருபத்தைந்தரை மணி நேர நாள்

அடிலெய்டிலிருந்து பேர்த்துக்குக் காரில் சுமார் 2,700 கிலோமீற்றர். விமானம் இருக்க ஏன் இந்த வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனாலும் ஜூலைப் பள்ளி விடுமுறையில் கிளம்பிவிட்டோம்: கணவர், நான், ஒன்பது வயது மகள், என் அம்மா.

அதில் ஒரு நாள் முழுக்க நலபோர் சமவெளி. இலத்தீனில் 'மரமே இல்லை' என்று பொருள். மகளுக்கு அது 'நல்ல போர்'.

காலை ஏழு மணிக்கு நலபோர் ரோட்ஹவுஸில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். மேற்கு அவுஸ்திரேலிய எல்லையில் காரைச் சோதிப்பார்கள். பழம், காய்கறி, தேன் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மாவின் பையில் பத்து மண்டரின் இருந்தது. "குப்பைக்குப் போறதைவிட வயித்துக்குள்ள போகட்டும்" என்று உரித்து உரித்துத் தந்தார். எல்லை வருமுன் பை காலி.

எல்லையில் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னுக்கு வைத்தோம். கைகூனா தாண்டியதும் இன்னும் 45. "அப்ப இண்டைக்கு இருபத்தைந்தரை மணித்தியாலம்!" என்றாள் மகள்.

கைகூனாவுக்கு அப்பால் 146.6 கிலோமீற்றர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. போனில் சிக்னல் இல்லை. இறக்கி வைத்திருந்த படங்களும் முடிந்துவிட்டன. மகள் அம்மம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மம்மா, நீங்க சின்னப் பிள்ளை, எங்க தூரம் போன?"

நான் திருத்தவில்லை. அம்மாவும் திருத்தவில்லை.

"கொழும்புக்கு யாழ்தேவியில போனனான் குஞ்சு. ஆனையிறவு வரேக்க உப்புக்காத்து முகத்தில அடிக்கும்."

"இப்பவும் அந்த ட்ரெயின் இருக்கா?"

1990இல் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டம் நின்றதையும், 2014இல் மறுபடி வந்ததையும் அம்மா சொன்னார். பிறகு கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"84இல வெளிநாடு வர வெளிக்கிட்டு, கடைசியா ஏறினனான். அப்பா ஸ்டேசனில கைகாட்டிக்கொண்டு நிண்டவர். பிறகு நான் அவரைக் காணேல்லை."

அடிலெய்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கதை புதிது. வீட்டில் அம்மா அதை ஒருநாளும் சொன்னதில்லை. கணவர் காரின் வேகத்தைக் குறைத்தார். மகள் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரின்ட பேர் என்ன?" என்று கேட்டாள். அடுத்த நூறு கிலோமீற்றரும் கேள்விதான், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

பொழுது சாய்ந்தால் கங்காரு சாலைக்கு வரும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே பலடோனியாவில் இறங்கினோம். அன்று ஓடியது சுமார் 720 கிலோமீற்றர்.

நீங்களும் இந்தப் பக்கம் போவதென்றால் ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும் பெற்றோல் நிரப்புங்கள், தண்ணீர் நிறைய வையுங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை ஓட்டுபவரை மாற்றுங்கள். பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மம்மாவையோ தாத்தாவையோ இருத்துங்கள். பிள்ளை எந்தத் தமிழில் கேட்டாலும் குறுக்கே போகாதீர்கள். பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியும்.