தோட்டத்துப் பதிவேடுகளும் சேமிப்பகப் பெட்டியின் சுமையும்

ஓர் ஆவணம் இல்லாமற் போவதால் ஒரு மனிதனின் உரிமையே இல்லாமற் போகலாம் என்பதை மலையக மக்களை விட நன்கறிந்தவர்கள் இந்நாட்டில் எவரும் இலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை வழி முன்னோர் இலங்கையில் பிறந்தமைக்கான சான்றினைக் கோரியது. பிறப்புப் பதிவு இல்லாத காரணத்தால் அச்சான்றினைக் காட்ட இயலாதோர் பலர். அக்காலம் கடந்துவிட்டது. எனினும் ஆவணத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அந்நிதியைப் பெற விண்ணப்பிக்கும்போது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் செக்ரோல் பதிவுகளைத் தேடி அலைய நேரிடுகின்றது. பள்ளிவாசல்களின் ஜமாஅத் குடும்பப் பதிவேடுகள், பாடசாலைகளின் சேர்வு இடாப்புகள் ஆகியனவும் இத்தகைய பெறுமதி உடையனவே.

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை போன்ற இடங்களில் இத்தகைய பதிவுகளைக் கணினிமயப்படுத்த முனையும் அலுவலகமொன்றுக்கு இலகுவில் கிடைக்கும் சாதனம், நாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்புச் சேமிப்பகமாகும். இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைக் கொண்ட இச்சிறு பெட்டியை ரவுட்டருடன் இணைத்துவிட்டால், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே இடத்தில் கோப்புகளைச் சேமிக்கலாம். ஆனால் அதனை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவோரே அதிகம். அப்பெட்டியும் செயலி, நினைவகம், இயங்குதளம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு முழுமையான கணினியே. எனவே ஏனைய கணினிகளுக்கு நேரும் கேடுகள் அனைத்தும் அதற்கும் நேரலாம்.

அக்கேடுகளை முன்கூட்டி உணர்த்தும் அறிகுறிகளுள் ஒன்று செயலியின் சுமையாகும். இதனை இரண்டு எண்கள் காட்டுகின்றன. முதலாவது, செயலி எத்தனை சதவீதம் வேலை செய்கின்றது என்பதைக் குறிக்கும் பயன்பாட்டு வீதம். இரண்டாவது, கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கெனத் தனித்தனியே கணிக்கப்படும் சுமைச் சராசரி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொழுந்து மடுவத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மடுவத்தில் நான்கு தராசுகள் இருப்பதாகக் கொள்வோம். நான்கிலும் நிறுவை நடைபெற்றால் பயன்பாடு 100 சதவீதம். அவற்றுக்கு அப்பால் மேலும் எட்டுப் பேர் வரிசையில் நின்றால் சுமை 12. ஆகவே நான்கு கோர்களைக் கொண்ட செயலியில் சுமைச் சராசரி நீண்ட நேரம் 4ஐத் தாண்டி நிற்குமாயின், வேலை தேங்குகின்றது என்பதே பொருள்.

தராசுகள் சும்மா இருக்க, வரிசை மட்டும் நீள்வதும் உண்டு. கொழுந்து ஏற்றும் லொறி வராவிட்டால் நிறுப்பதற்கு இடமிருந்தும் வேலை நகராது. இத்தகைய பெட்டிகளிற் பெரும்பாலானவை லினக்ஸ் அடிப்படையில் இயங்குவன. லினக்ஸ், வன்தட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் சுமையிற் சேர்த்தே கணக்கிடுகின்றது. எனவே பயன்பாட்டு வீதம் குறைவாகவும் சுமைச் சராசரி மிக உயர்வாகவும் காணப்பட்டால், சந்தேகிக்க வேண்டியது செயலியை அன்று, வன்தட்டையே. பழுதடையத் தொடங்கிய வன்தட்டு பல வேளைகளில் இவ்வாறுதான் தன் நிலையை முதலில் வெளிப்படுத்துகின்றது.

சுமை உயர்வதெல்லாம் ஆபத்தன்று என்பதையும் மனங்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான ஆவணப் படங்களை ஒரே நாளில் ஏற்றினால், அவற்றுக்குச் சிறு உருவங்களையும் தேடல் அட்டவணையையும் தயாரிக்கப் பெட்டி பல மணித்தியாலம் உழைக்கும். நச்சுநிரல் சோதனையும் காப்புப் பிரதி எடுத்தலும் அவ்வாறே. மின்தடையால் பெட்டி திடீரென நின்றுவிட்டால், மீண்டும் இயங்கும்போது வன்தட்டுகளில் உள்ளவை ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்க்கத் தொடங்குவதும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இடி மின்னலும் மண்சரிவும் மின் விநியோகத்தை அடிக்கடி துண்டிக்கும் ஊவா மலைகளில், யூ.பி.எஸ். ஒன்றின்றி இச்சாதனத்தை இயக்குவது வன்தட்டுகளின் ஆயுளைக் குறைப்பதாகும்.

அவ்வாறாயின் அஞ்ச வேண்டிய சுமை எது? காரணம் கூற முடியாத சுமையே அது. 2021 டிசம்பரில் தாய்வான் நாட்டின் கியூநாப் நிறுவனம் தனது வாடிக்கையாளருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பெட்டிகளுக்குள் புகுந்த ஒரு தீய நிரல், உரிமையாளர் அறியாமலே பிட்கொயின் ஈட்டுவதற்கு அவற்றைப் பயன்படுத்தி, செயலியின் ஏறத்தாழ 50 சதவீதத்தை விழுங்கியது. இயங்குதளத்துக்கு உரிய ஒரு வேலையின் பெயரையே அது சூடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பரவிய கியூலொக்கர் என்ற கப்பம் கோரும் நிரல், கோப்புகளைக் கடவுச்சொல்லிட்ட பொதிகளாக மாற்றி 0.01 பிட்கொயின் கேட்டது. அந்த வேலை நடைபெற்ற வேளையில், கோப்புகளைச் சுருக்கும் செவன்-சிப் என்ற செயன்முறை பல படிகளாக இயங்குவது கண்காணிப்புத் திரையிற் தெரிந்தது. அத்தகைய நிலையில் பெட்டியை நிறுத்திவிடாது, தீயநிரல் சோதனையை உடன் நடத்தித் தம்மைத் தொடர்புகொள்ளுமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. திரையைப் பார்த்தவருக்கே அந்த அறிவுரை உரிய வேளையிற் பயன்பட்டிருக்கும்.

கண்காணிப்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை. இப்பெட்டிகளில் வளக் கண்காணிப்புப் பகுதி உள்ளமைந்தே வருகின்றது. முதல் இரண்டு வாரங்களுக்குக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சுமையை ஒரு கொப்பியிற் குறித்தால் அந்த அலுவலகத்தின் வழமை எதுவெனத் தெரிந்துவிடும். பின்னர் அவ்வழமையை மீறிய சுமை நீடித்தால் மின்னஞ்சல் எச்சரிக்கை வரும்படி அமைக்கலாம். எவரும் பணியில் இல்லாத நள்ளிரவில் சுமை உயர்ந்திருந்தால், எந்தச் செயன்முறை அதற்குக் காரணம் எனப் பார்க்க வேண்டும். அட்டவணையிட்ட காப்புப் பிரதியாக அது இல்லாவிடின், வெளி இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு அறிந்தவர் ஒருவரை அழைப்பதே முறை. இயங்குதளத்தை இற்றைப்படுத்துவதும், வெளியிலிருந்து இணையம் வழியாகப் பெட்டிக்குள் நேரடியாக நுழையும் வழியை மூடுவதும் அடிப்படைக் கடமைகள்.

எனினும் கண்காணிப்பு எச்சரிக்குமேயன்றி, இழந்ததை மீட்டுத் தராது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப் பிரதியும் அத்துடன் பாதிக்கப்பட்டமையே இழப்பைப் பெரிதாக்கியது. அரசுக்கே இந்நிலையெனில் சிறு அலுவலகத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடிய வேளையில், வீடுகளில் இருந்த கடதாசிகளும் மண்ணுள் புதைந்தன. எனவே வலையமைப்பிலிருந்து கழற்றப்பட்ட ஒரு பிரதி, வேறொரு ஊரில், வேறொரு கட்டடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தோட்ட நிருவாகங்கள், தொழிற்சங்கங்கள், பாடசாலைகள், பள்ளிவாசல் மற்றும் ஆலய பரிபாலன சபைகள் ஆகியன பெட்டியை வாங்குவதோடு தமது பணி முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. அதனை நாள்தோறும் பார்க்கும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அந்த ஐந்து நிமிட வேலையில், என்றோ ஒரு நாள் தன் சேமலாப நிதிக்காக அலுவலக வாசலில் வந்து நிற்கப் போகும் தொழிலாளியின் உரிமை தங்கியிருக்கின்றது.