பஸ் ஏறும் முன் ஒரு பகல்

குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது நம் குடும்பங்கள் எதையும் விடாமல் விசாரிக்கின்றன. சைவச் சாப்பாடு உண்டா, ஹோட்டல் ஊருக்குள்ளா வெளியிலா, டிப்ஸ் தனியாகத் தரவேண்டுமா, தாத்தாவுக்கு வீல்சேர் கிடைக்குமா என்று பட்டியல் நீளும். ஒரு கேள்வியில் மட்டும் பலரும் சிக்கனத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சுற்றுலா தொடங்கும் அன்றே போய் இறங்கினால் போதுமா, ஒரு நாள் முன்னதாகப் போகவேண்டுமா? முன்னதாகப் போனால் ஓர் இரவு வாடகை கூடுதல். “அதான் பஸ்ல தூங்கிக்கலாமே” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு பகலுக்குச் செலவழிக்கலாம் என்பதே என் கட்சி. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி அறிவியல் கண்டறிந்திருப்பவை எல்லாம் இதையே சொல்கின்றன. அந்தப் பகலை எங்கே, எந்த வெளிச்சத்தில் கழிக்கிறோம் என்பதற்கும் அடுத்த ஒரு வாரம் எப்படி இருக்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பு முடித்த மகள். மே மாத விடுமுறையில் சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, காலை 9 மணிக்கு நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு ஹோட்டல் வாசலுக்கு பஸ் வரும். பிறகு ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், நயாகரா. கோடையில் நியூயார்க் நம்மைவிட 9.30 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதனால் அவர்கள் இறங்கும்போது சென்னையில் மாலை 6.30.

ஊட்டியில் 14 மணி நேரம்

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தம் கிடையாது. பெரும்பாலான விமானங்களில் அது 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. வளைகுடாவிலிருந்து நியூயார்க் வரையான கட்டம் மட்டுமே ஏறக்குறைய 14 மணி நேரம். அவ்வளவு நேரமும் ஊட்டியின் மெல்லிய காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஊட்டியில் இருக்கும் ஈரம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. தொண்டை வறள்வதும் கண் எரிவதும் இதனால்தான்.

பாட்டியின் செருப்பு இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் காலில் தேங்கி, நீர் கசிந்து வீங்கும். 4 மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பயணம் செய்தால் ரத்த உறைகட்டி உருவாகும் ஆபத்து சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. அப்போதும் அது 6,000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். இரு கால்களும் லேசாக வீங்கினால், நடந்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

இறங்கிய அன்று நடக்கவேண்டும் என்பதற்கு இது முதல் காரணம். இதைவிடப் பெரிய காரணம் தலைக்குள் இருக்கிறது.

இருபதாயிரம் நரம்பணுக்கள்

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஓரிடத்தில் குறுக்கிட்டுக் கடக்கின்றன. அதற்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. பெயர் சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கும் தலைமைக் கடிகாரம் இதுதான்.

உயிர்களுக்குள் கடிகாரம் இருக்கிறது என்ற எண்ணம் பழையது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் தெ மேரான், வெளிச்சத்தில் இலை விரித்து இரவில் மூடும் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். சூரியன் இல்லாமலே அது நேரத்துக்கு விரிந்தது, மூடியது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் ஒரு மரபணு இரவில் ஒரு புரதத்தைச் சேர்க்கிறது. அளவு கூடியதும் அந்தப் புரதமே மரபணுவின் வேலையை நிறுத்துகிறது. பகலில் புரதம் சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நாள். யங் பணியாற்றும் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகம் நியூயார்க்கில்தான் இருக்கிறது. சென்ட்ரல் பார்க்கிலிருந்து கிழக்கே நடந்து போய்விடும் தொலைவு.

மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதாவது, சும்மா விட்டால் அது தினமும் சற்றுத் தாமதமாகவே ஓடும். அதனால் மேற்கே போய் நாளை நீட்டுவது உடலுக்குச் சற்று எளிது. கிழக்கே போய் நாளைச் சுருக்குவது கடினம்.

எளிது என்றாலும் உடனே நடக்காது. மாடவீதி மூலையில் தேரைத் திருப்புவது போலத்தான். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் சட்டென்று திரும்பாது. சரியான சக்கரத்துக்கு, சரியான நேரத்தில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்பவேண்டும். மேற்குப் பயணத்தில் கடிகாரம் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் நகர்ந்தாலே அதிகம். 9.30 மணி நேர வித்தியாசம் சரியாக ஆறேழு நாள் ஆகும். முதல் நாளில் செய்யக்கூடியது, அது சரியான பக்கம் திரும்பத் தொடங்குகிறதா என்று பார்ப்பதுதான்.

மாலை ஆறரை என்ற எல்லை

கடிகாரத்தைத் திருப்பும் முட்டுக்கட்டை வெளிச்சம். விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. இவை தாமாகவே ஒளியை உணரக்கூடியவை என்பது 2002இல்தான் உறுதியானது. வானத்தின் நீல ஒளிக்கு இவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. நல்ல வெயிலில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய பகலிலும் 10,000 இருக்கும். பளிச்சென்று தெரியும் ஹோட்டல் லாபியில் சில நூறு லக்ஸ்தான்.

வெளிச்சம் எப்போது படுகிறது என்பது அளவைவிட முக்கியம். நம் உடல் வெப்பம் விடியற்காலை 4 மணி வாக்கில் மிகவும் தாழ்கிறது. அந்தப் புள்ளிக்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். அதைத் தாண்டியபின் படுவது கடிகாரத்தை முன்னே தள்ளும். சென்னையின் விடியற்காலை 4 மணி, நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 6.30. நம் குடும்பத்துக்குத் தேவைப்படுவது தாமதம். ஆக, மதியத்திலிருந்து மாலை ஆறரை வரை அவர்கள் கண்ணில் படும் வெயில் முழுவதும் மருந்து. மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 8 மணி ஆகும். முதல் நாள் ஆறரைக்குப் பிறகு அந்த மாலை வெயில் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். அப்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம், அறைக்குத் திரும்பிவிடலாம்.

அமெரிக்க ஹோட்டல்கள் பலவற்றில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். இதைப் பெரிய தொல்லையாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நல்லதற்கே. பெட்டிகளை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டு, மதியம் சென்ட்ரல் பார்க்குக்குப் போகலாம். 843 ஏக்கர் பரப்பு. தாத்தாவும் பாட்டியும் மர நிழல் விட்டுத் திறந்த புல்வெளி ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரலாம். மற்றவர்கள் நடக்கலாம். அன்றைய தினத்துக்கு மியூசியமும் வேண்டாம், சுரங்க ரயிலில் நீண்ட பயணமும் வேண்டாம்.

பகலில் வரும் இரவு

காலை 11.30க்குச் சென்னை நேரம் இரவு 9. மூளையில் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரம். உச்சி வெயிலில் நிற்கும்போதே உடல் இரவுக்கான ஆயத்தத்தில் இறங்கிவிடும். பிற்பகல் 3 மணிக்குச் சென்னையில் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. “என்னடா இது, பட்டப்பகல்ல கண்ணு இப்படிச் சொக்குது? ரூம் சாவி வந்துடுச்சா பாரு” என்று பாட்டி கேட்கும் நேரம் அது. சாவியும் வந்திருக்கும். இந்த நாளில் குடும்பம் எடுக்கவேண்டிய பெரிய முடிவு இதுதான். திரைச்சீலையை மூடிக்கொண்டு நாலு மணி நேரம் படுத்தால் மருந்தான வெளிச்சம் முழுக்கப் போய்விடும். இரவுத் தூக்கமும் போகும். முடியாதவர்கள் அலாரம் வைத்து இருபது, முப்பது நிமிடம் படுத்து எழலாம்.

இந்த நேரத்தில் முக்கியமான வேலைகளையும் தள்ளிப்போடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது 1997இல் வெளியான ஆய்வின் முடிவு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பே 0.03 சதவீதம்தான். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். சாலையைக் கடக்கும்போது நம் தலை பழக்கத்தில் தவறான பக்கமே முதலில் திரும்பும். ஆகவே இறங்கியதும் கார் எடுத்து ஓட்டவேண்டாம். பாஸ்போர்ட்டுகளை ஒருவர் மட்டும் எண்ணி வாங்கி, அறையின் லாக்கரில் வைத்துவிடட்டும்.

காபி பகலில் உதவும். விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபின் அதன் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனால் குடித்த காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் பிற்பகல் 3 மணியோடு நிறுத்துவது நல்லது.

விடியற்காலைப் பசி

இரவு ஒன்பதுக்குப் படுத்தால் களைப்பில் தூக்கம் வந்துவிடும். ஆனால் 2 மணிக்குத் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிடுவார். சென்னையில் அப்போது காலை 11.30. புது இடம் என்பதும் ஒரு காரணம். புதிய இடத்தின் முதல் இரவில் மூளையின் இடப் பாதி வலப் பாதியைவிட விழிப்பாக இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் மசாக்கோ தமாக்கி குழு 2016இல் காட்டியது. இந்தக் கெட்ட இரவு பஸ் பயணத்துக்கு முன்பே முடிந்துவிடுவதும் முன்னதாகப் போவதன் லாபம்.

3.30 மணிக்கு வீடே பசிக்கிறது என்னும். அது சென்னையின் மதியம் 1 மணிப் பசி. கல்லீரலுக்கும் குடலுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுபவை. எலிகளுக்கு உணவு நேரத்தை மாற்றியபோது தலைமைக் கடிகாரம் அப்படியே இருக்க, கல்லீரல் கடிகாரம் மட்டும் இடம் மாறியதை 2000இல் ஜெனீவா ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே விடியற்காலையில் ஒரு வாழைப்பழமோ இரண்டு தட்டையோ போதும். புளியோதரை டப்பாவைத் திறக்காமல், வயிறாரச் சாப்பிடுவதை காலை உணவுக்கு விட்டுவைத்தால், குடல் புது ஊருக்கு விரைவில் பழகும்.

எல்லாருக்கும் ஒரே அனுபவம் இருக்காது. வயதானவர்களின் கடிகாரம் முன்னதாகவும் பதின்ம வயதினருடையது பின்தங்கியும் ஓடும். பேத்தி அசந்து தூங்குகிறாளே என்று தாத்தா தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. பயண நாள் அவர்களுக்கு 33.30 மணி நேரம் நீளமானது. எந்த வேளையை எப்போது எடுப்பது என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அமெரிக்கக் கடைகளில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மெலட்டோனின் மாத்திரையையும், வேறு மருந்துகள் எடுப்பவர்கள் அவரிடம் கேட்காமல் விழுங்கக் கூடாது.

திரும்பும்போதும்

இறங்கிய அன்றே குழுவில் சேர்ந்தவர்களை நினைத்துப்பாருங்கள். பிற்பகலில் பஸ்ஸின் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள். வெளிச்சம் மருந்தாகும் நேரம் அப்படியே கழியும். இரவில் விழிப்பார்கள், மறுநாள் மறுபடி பஸ்ஸில் தூக்கம். வேறு வழியில்லாமல் அப்படிச் சேர நேர்ந்தாலும், ஜன்னல் ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, மதியம் முழுவதும் திரையைத் திறந்துவையுங்கள். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நில்லுங்கள்.

ஊர் திரும்புவது கிழக்குப் பயணம். கடிகாரம் அதே 9.30 மணி நேரத்தை எதிர்த்திசையில் கடக்கவேண்டும், மேலும் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு சென்னையில் இறங்கி, திங்கட்கிழமை காலை அலுவலகம் என்று டிக்கெட் போடுபவர்கள் அதிகம். திட்டம் போடும்போதே போகையில் ஒரு பகலும், வந்தபின் ஒரு பகலும் கணக்கில் சேருங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துப் போகும் குடும்பம் நயாகராவின் எதிரில் நிற்கும்போது முழு விழிப்போடு நிற்கவேண்டும் என்றால், அதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.