அடுப்பில் போட்ட நாவல்

இரண்டாம் ஆண்டில் நாடக வரலாற்றைத் தெரிவுப்பாடமாக எடுத்தேன். கால அட்டவணைக்குப் பொருந்தியது என்பதுதான் உண்மையான காரணம். அந்த வகுப்பில் ஒருநாள் விவாதம் சூடுபிடித்தது. ரஷ்ய நாவலாசிரியரும் நாடகாசிரியருமான மிகைல் புல்காகவ் சர்வாதிகாரிக்குப் பணிந்துபோனவரா? ஆம் என்று அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருத்தி.

1891ல் கியவ் நகரில் பிறந்த புல்காகவ், முதலில் மருத்துவர். 1916ல் பட்டம் பெற்று, ஸ்மோலென்ஸ்க் வட்டாரத்தின் கிராம மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். பிறகு மருத்துவத்தை விட்டுவிட்டு 1921ல் மாஸ்கோவுக்குச் சென்றார்.

உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பரிவோடு காட்டியது அவரது ‘வெண்படை’ நாவல். அதையொட்டி எழுதிய ‘டர்பின்களின் நாள்கள்’ நாடகம் 1926ல் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறியது. ஸ்டாலினே அதைப் பலமுறை பார்த்தார். ஆனால், பத்திரிகைகள் கிழித்தெறிந்தன. தம்மைப் பற்றி வந்த விமர்சனங்களைப் புல்காகவ் எண்ணி வைத்திருந்தார்: மொத்தம் 301, பாராட்டியவை மூன்று, தாக்கியவை 298. (உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதே எனக்கு அவரைப் பிடித்துப்போக ஒரு காரணம்.)

1929ல் அவருடைய நாடகங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. வருமானமும் போயிற்று. சாத்தானைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்த நாவலைத் தம் கையாலேயே அடுப்பில் போட்டார். 1930 மார்ச்சில் அரசாங்கத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். நாட்டைவிட்டுப் போக விடுங்கள். இல்லையென்றால் நாடக அரங்கில் வேலை கொடுங்கள், மேடைத் தொழிலாளியாகவேனும் இருக்கிறேன் என்பது அதன் சாரம். ஏப்ரல் 18ஆம் தேதி தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ஸ்டாலின். உண்மையிலேயே வெளிநாடு போக விருப்பமா என்று கேட்டார். ரஷ்ய எழுத்தாளர் தாயகத்துக்கு வெளியே வாழ முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியாது என்றே தோன்றுகிறது எனத் திகைப்பில் சொல்லிவிட்டார் புல்காகவ். கலை அரங்கில் உதவி இயக்குநர் வேலை கிடைத்தது. நாட்டைவிட்டு வெளியேறும் வாய்ப்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

எங்கள் விவாதத்துக்குக் காரணமான ‘பாத்தும்’ 1939ல் எழுதப்பட்டது. ஸ்டாலினின் 60வது பிறந்தநாளையொட்டி, அவரது இளமைக்காலத்தைப் பற்றிய நாடகம். அந்த ஆகஸ்ட்டில் அரங்கக் குழுவினருடன் புல்காகவும் ஜார்ஜியாவுக்கு ரயிலேறினார். வழியில் செர்புகவ் நிலையத்தில் ஒரு தந்தி வந்தது. பயணம் தேவையில்லை, திரும்புங்கள்! நாடகத்தை ஸ்டாலின் விரும்பவில்லை.

இதோடு நிறுத்திவிட்டுத்தான் வகுப்பில் தீர்ப்புச் சொன்னேன். கட்டுரைக்காக மேலும் படித்தபோதுதான் சங்கடமாகிவிட்டது. எரித்த நாவலை அவர் மறுபடியும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ அதுதான். சாத்தான் மாஸ்கோவுக்கு வந்து, பொய்யர்களையும் பேராசைக்காரர்களையும் ஆட்டிவைக்கும் கதை. ‘பாத்தும்’ எழுதிய அதே 1939ல், அதே வீட்டில், இந்த நாவலை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். கேட்டவர்கள் அஞ்சினர். அச்சேற வழியே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

‘பாத்தும்’ ஒரு சறுக்கல் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், பணிந்தவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட இப்போது வாய் வரவில்லை.

ரயில் பயணம் பாதியில் முடிந்த சில வாரங்களில் சிறுநீரக நோய் முற்றி, பார்வை மங்கியது. அவர் சொல்லச் சொல்ல மனைவி எலெனா திருத்தங்களை எழுதிக்கொண்டார். 1940 மார்ச் 10ஆம் தேதி, 48 வயதில் புல்காகவ் இறந்தார். கையெழுத்துப் பிரதியை எலெனா 26 ஆண்டுகள் பாதுகாத்தார். 1966ல் ‘மாஸ்க்வா’ சஞ்சிகையில் நாவல் வெளிவரத் தொடங்கியது, பல பகுதிகள் வெட்டப்பட்ட நிலையில். மாஸ்கோவில் முழு நூல் வந்தது 1973ல். எலெனா அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

நூலகப் பிரதியைத் திருப்பித் தர இன்னும் நான்கு நாள்கள் உள்ளன. சாத்தானின் கறுப்புப் பூனை டிராமில் ஏறி, பயணச்சீட்டுக்குக் காசு நீட்டும் இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.