கறுப்பின் மேல் ஒரு புகார்

சாம்பல் நிறத் தாள் ஒன்றிலிருந்து ஒரே அளவில் இரண்டு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்பு அட்டையின் நடுவிலும் இன்னொன்றை வெள்ளை அட்டையின் நடுவிலும் ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கறுப்பில் இருப்பது வெளிறித் தெரியும், வெள்ளையில் இருப்பது அடர்ந்து தெரியும். கிராஃபிக் டிசைன் படிக்க வருபவருக்குக் கொடுக்கப்படும் மிகப் பழைய பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தன் கையால் வெட்டி ஒட்டியவருக்கே சந்தேகம் வந்துவிடும். இதையே கணினியில் செய்து, ஃபோட்டோஷாப்பின் ஐட்ராப்பரால் தொட்டால் இரண்டிலும் ஒரே எண்தான் வரும். கருவி சொல்வதைக் கண் ஒப்புக்கொள்ளாது.

இந்தச் சிக்கலை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஓவியர் அல்ல, வேதியியலாளர். மிஷேல் யூஜென் ஷெவ்ரல் கொழுப்புகளைப் பற்றிய ஆய்வால் பெயர் பெற்றவர். சோப்பு எப்படி உருவாகிறது என்பது அவரால்தான் தெளிவானது. 1824இல் பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அரண்மனைகளுக்குச் சித்திரத் திரைச்சீலை நெய்த இடம் அது. அங்கே சாயங்களைப் பற்றிய புகார்கள் காத்திருந்தன. அவற்றில் ஒன்று கறுப்பைப் பற்றியது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் கொடுக்கப் பயன்பட்ட கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை.

வேதியியலாளர் செய்ய வேண்டியதைத்தான் அவரும் செய்தார். வேறு பட்டறைகளில் சாயமேற்றிய கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். கோப்லான் கறுப்பு எதற்கும் குறைந்ததாக இல்லை. சாயத்தில் பழுதில்லை, பக்கத்து நூலில்தான் விஷயம் இருந்தது. நீலத்தை ஒட்டி நிற்கும் எந்த நிறத்தின் மேலும் நீலத்தின் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயல் லேசாக ஏறியதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சாயலில் கறுப்பு சோர்ந்துபோகிறது. எந்த இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்தாலும், கண் அவற்றின் வேற்றுமையை மிகைப்படுத்திக் காட்டும் என்று விதியாகவே எழுதி 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். நூறு வயது தாண்டி வாழ்ந்த இந்த மனிதர், தன் நூலைப் பின்னாளில் ஓவியர்கள் தேடிப் படிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கண் ஏன் மிகைப்படுத்துகிறது? விடையின் ஒரு பகுதி குதிரைலாட நண்டிடமிருந்து கிடைத்தது. அதன் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறு கண்ணுக்கும் தனி நரம்பிழை உண்டு. அமெரிக்கரான ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் அந்த ஒற்றை இழையின் மின்துடிப்பைப் பதிவுசெய்தார். ஒரு சிறு கண்ணில் ஒளி பட்டால் அதன் நரம்பு படபடவெனத் துடித்தது. பக்கத்துச் சிறு கண்களிலும் ஒளியைப் பாய்ச்சினால் அந்தத் துடிப்பு குறைந்தது. ஒவ்வொன்றும் தான் விழித்திருக்கும்போது அண்டையில் இருப்பதைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது. நம் விழித்திரையிலும் இத்தகைய அண்டைத் தடுப்பு நடக்கிறது. 1967ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஹார்ட்லைன் வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இதைக் கண்ணின் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. உச்சிவெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸை எட்டும், வீட்டு அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். கரித்துண்டு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கைந்து பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், வெயிலில் கிடக்கும் கரி, அறைக்குள் இருக்கும் வெள்ளைத்தாளைவிடப் பல மடங்கு ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் கரியைக் கறுப்பாகவும் தாளை வெள்ளையாகவும்தான் பார்க்கிறோம். ஒளியின் அளவை அப்படியே நம்பியிருந்தால் நமக்குக் கரியும் தெரிந்திருக்காது, காகிதமும் தெரிந்திருக்காது. கண் ஒப்பிட்டுத்தான் பிழைக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் விழித்திரையின் தலையில் கட்ட முடியாது. எம்ஐடி பேராசிரியர் எட்வர்ட் ஏடல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். உருளை ஒன்றின் நிழலில் உள்ள ‘வெள்ளை’க் கட்டமும் வெளிச்சத்தில் உள்ள ‘கறுப்பு’க் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். ‘இது நிழலில் இருக்கிறது’ என்று மூளை தள்ளுபடி செய்து பார்க்கிறது. உண்மை தெரிந்த பிறகும் மாயை விலகாது.

மாணவரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியிலும் பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ் கோட்பாட்டில் தொடங்கவில்லை. தூரிகையையும் தள்ளிவைத்துவிட்டு வண்ணத்தாள்களைக் கொடுத்தார். குழைக்கும் வண்ணம் ஒவ்வொரு முறையும் மாறும், தாள் மாறாது. ஒரே நிறத்தை இரண்டு நிறமாகத் தெரியச் செய்யுங்கள் என்பது ஒரு பயிற்சி. இரண்டு வேறு நிறங்களை ஒன்றாகத் தெரியச் செய்யுங்கள் என்பது இன்னொன்று, இது கடினம். சரியான பின்னணி கிடைக்கும்வரை தாள்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அவருடைய வண்ணநூல் 1963இல் வந்தது. திரையில் பொத்தானை அழுத்தி நிறம் மாற்றும் இன்றும், தாளில் செய்து பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி. கை தாமதிக்கும்போது கண் கவனிக்கிறது.

தொழிலுக்கு வந்த பிறகு இந்தப் பாடம் எண்ணாக மாறுகிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள் எந்த நிறத்தையும் தனியாக நல்லது, கெட்டது என்று சொல்வதில்லை. எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற விகிதத்தைத்தான் கேட்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. தூய மஞ்சள் எழுத்து கறுப்பின் மேல் 19.5ஐத் தாண்டும். அதே மஞ்சள் வெள்ளையின் மேல் வந்தால் வெறும் 1.07. நம் தெருமுனை ஃப்ளெக்ஸ்களுக்குப் பிடித்தமான நீலத்தின் மேல் சிவப்பு, இரண்டும் தூய நிறங்களானால், 2.15தான். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் தேறாது.