மடியில் ஒரு கத்தி

கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன் பகுதியை அடுத்துள்ள ஸ்கந்தபுரம் ஒரு குடியேற்றக் கிராமம். நெல்லும் உழுந்தும் கச்சானும் விளையும் மண் அது. அங்கே கமக்காரர் ஒருவர் விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்பொழுது அவரிடம் இரண்டு கத்திகள் இருக்கக் காணலாம். ஒன்று கையில் பிடித்த காட்டுக்கத்தி. மற்றது எளிதில் கண்ணிற் படாது. மடியிலோ சட்டைப்பையிலோ அடங்கிக் கிடக்கும் வில்லுக்கத்தி அது. முதுகில் ஒரு வில் பொருத்தி, அலகைப் பிடிக்குள் மடக்கி வைக்கும்படி செய்யப்படுவதால் அதற்கு அப்பெயர் வந்தது.

காட்டுக்கத்திக்கு உரிய வேலை எல்லோரும் அறிந்ததே. பற்றை வெட்டுவதற்கும், வேலிக்குக் கதியால் தறிப்பதற்கும், ஆட்டுக்குக் குழை முறிப்பதற்கும், இளநீர் சீவுவதற்கும் அது வேண்டும். மடியிலிருக்கும் சிறு கத்திக்கு உரிய வேலை யாது என்று கேட்டால் விடை கூறுவது அவ்வளவு எளிதன்று. பசளைச் சாக்கின் வாயைத் தைத்த நூலை அறுக்கவேண்டும், நீர் இறைக்கும் குழாயில் வெடித்த பகுதியை நறுக்கிவிட்டு மீண்டும் பொருத்தவேண்டும், கன்றின் கழுத்தில் இறுகிப்போன கயிற்றை உடனே அறுக்கவேண்டும், மத்தியானத்தில் ஒரு மாங்காயைப் பிளக்கவேண்டும், பாக்கைச் சீவவேண்டும். இவற்றுள் எந்த ஒன்றுக்காகவும் அக்கத்தி செய்யப்படவில்லை. ஆயினும் அதனை வீட்டில் மறந்து வந்தவருக்கு அன்றைய நாள் முழுவதும் கை ஒடிந்தாற்போல் இருக்கும்.

உலகின் பல நாடுகளில் கத்தி சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உள்ளனர். தபால் முத்திரையும் நாணயமும் சேர்ப்பாரைப்போல இவர்கள் பழைய கத்தி, புதிய கத்தி, நாட்டுக்கு நாடு வேறுபடும் கத்தி எனத் தேடித் தேடி வைக்கின்றனர். இவர்களிடத்தில் ஒரு விநோதத்தைக் காணலாம். பேழை நிறையக் கத்தி வைத்திருப்பவரும் நாள்தோறும் தம்மோடு எடுத்துச் செல்வதற்குரிய குறையற்ற ஒரு கத்தி இன்னும் அகப்படவில்லை என்பார். ஒன்று கூர்மையாயின் துருப்பிடிக்கிறது. துருப்பிடியாததை எடுத்தால் தீட்டுவது கடினமாகிறது. இரண்டும் சரியாயின் பையில் கனக்கிறது. இத்தேடலைச் செல்வர்களின் வீண் ஆசை என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. வன்னிக் கமக்காரர் சந்தையில் ஒரு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது அவர் மனத்தில் எழும் கேள்வியும் இதுவேயாகும்.

தமிழர் மடியில் கத்தி குடிபுகுந்தது கமத்தொழிலினால் மட்டுமன்று. ஏடு எழுதிய காலத்தில் கற்றறிந்தோரும் கத்தியோடுதான் உலாவினர். பனையோலையை அளவாக நறுக்கவும், ஓரத்தை வாரவும் கத்தி இன்றியமையாதது. ஆதலின் எழுத்தாணியோடு கத்தியையும் சேர்த்துச் செய்யும் வழக்கம் உண்டாயிற்று. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகைகள் இருந்தமையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் விளக்கியுள்ளார். மடக்கெழுத்தாணியில் ஒரே பிடிக்குள் ஒரு புறம் எழுத்தாணியும் மறு புறம் கத்தியும் மடங்கியிருக்கும். இன்று சுவிற்சர்லாந்துக் கத்தியைக் கண்டு வியப்பவர்கள் தம் பாட்டனாரின் மடியில் அதற்கு உறவான ஒன்று இருந்ததை அறியார் போலும்! கண்டிச் சீமையிலும் அவ்வாறே. பிடியில் யானைத் தந்தமும் வெள்ளி வேலைப்பாடும் அமைந்த சிங்களப் பிரதானிகளின் சிறு கத்திகளுக்குரிய உறையில், கத்திக்குப் பக்கத்தில் எழுத்தாணியையும் செருகுவதுண்டு. ஐரோப்பாவில் பேனாக்கத்தி என்ற பெயர் எழுந்ததும் இறகுப் பேனாவின் முனையைச் சீவிய காரணத்தினாலேயே. மூன்று இடங்களிலும் மடிக்கத்தியை வளர்த்தது எழுத்து என்பது கருதத்தக்கது. அச்சு வந்தது, ஏடு மறைந்தது. மடக்கெழுத்தாணி பொருட்காட்சிச்சாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. கத்தி மட்டும் மடியிலேயே தங்கிவிட்டது.

இலங்கைத் தீவு உருக்குக்குப் பேர்போன இடமாயிருந்தது என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில் கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலறிஞர் நடத்திய ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக அமைந்த பழைய இரும்புலைகள் வெளிப்பட்டன. துருத்தியின்றி, பருவக்காற்றின் வேகத்தையே கொண்டு எரிந்த உலைகள் அவை. கிறிஸ்துவுக்குப் பின் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை இயங்கின என்பது அவர் முடிபு. 1996ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான ஏட்டில் அது வெளிவந்தது. பிற்காலத்தில் இத்தொழில் மங்கி மறையும் தறுவாயில், கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, கிராமத்தவர் இரும்பு உருக்கிய முறையை நேரிற் கண்டு எழுதி வைத்தார். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அச்செய்திகளைக் காணலாம்.

இனி, குறையற்ற கத்தி ஏன் அகப்படுவதில்லை என்னும் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை கொல்லனின் உலைக்களத்தில் இருக்கிறது.

ஊர்க் கொல்லர் கத்தி செய்வதற்குப் பெரும்பாலும் எடுப்பது பழைய லொறியின் வில்லுத்தகடு. அதில் நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் கரி கலந்திருக்கும். இச்சிறு அளவு கரியே இரும்பை உருக்காக்குகிறது. தகட்டைக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து அலகாக்கியபின், அதனை மீண்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று அமிழ்த்துவர். இதனைத் தோய்ச்சல் என்பர். உருக்கின் சூடு ஏறத்தாழ 800 பாகை செல்சியசைத் தாண்டும்பொழுது அதனுள் இருக்கும் கரி இரும்போடு கரைந்து நிற்கும். மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்துபோகும். சட்டென்று குளிர்ந்தால் பிரிவதற்கு நேரமின்றி அகப்பட்டுக்கொள்ளும். அவ்வாறு அகப்பட்ட கரியே அலகைக் கடினமாக்குகிறது. உலைக்களம் எப்போதும் சற்று இருட்டாய் இருப்பதைப் பலர் வறுமையின் அடையாளம் என்று எண்ணுவர். உண்மை அதுவன்று. வெயில் வெளிச்சத்தில் இரும்பு சிவந்த அளவைக் கண் மதிப்பிட இயலாது. வெப்பமானி இல்லாத கொல்லருக்கு இருட்டே வெப்பமானி.

ஆனால், தோய்ச்சலோடு விட்டுவிட்டால் அக்கத்தி கண்ணாடியைப் போன்றது. கல்லில் விழுந்தால் முறியும். ஆகவே அலகைத் துலக்கி, மறுபடியும் மெல்ல இளஞ்சூடு ஏற்றவேண்டும். அப்போது பளபளத்த முகத்தில் நிறங்கள் ஓடும். 220 பாகையை ஒட்டி வைக்கோல் மஞ்சள் தோன்றும். 255 பாகையளவில் தவிட்டு நிறம். 275இல் கத்தரிப்பூ நிறம். 300 பாகையை நெருங்க நீலம். நிறம் ஒவ்வொரு படி ஏறும்போதும் அலகின் கடினம் சிறிது குறைந்து, அடி தாங்கும் திறன் சிறிது கூடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதில்தான் கொல்லரின் அறிவெல்லாம் அடங்கியிருக்கிறது.

நுண்ணிதாய்ச் சீவவேண்டிய மடிக்கத்தியை வைக்கோல் நிறத்தில் நிறுத்தவேண்டும். முதிரையிலும் பாலையிலும் ஓங்கி வீழும் காட்டுக்கத்தியைக் கத்தரிப்பூ நிறத்துக்கோ நீலத்துக்கோ கொண்டுபோகவேண்டும். ஒன்றை மற்றதன் வேலைக்கு எடுத்தால் மடிக்கத்தியின் வாய் பல்லுப் பல்லாய் உதிரும். காட்டுக்கத்தியின் வாய் பாக்குச் சீவுமுன் மழுங்கும். ஒரே நெருப்பில் இரு குணத்தையும் முழுதாய் வாங்க முடியாது. சேர்ப்பவர் பேழையில் கத்திகள் பெருகுவதற்கும், கமக்காரர் இரண்டு கத்தியோடு புறப்படுவதற்கும் காரணம் இந்த ஒன்றே.

மூன்றாவது குணம் ஒன்றையும் மனிதர் விரும்பினர், அது துருப்பிடியாமை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1913ஆம் ஆண்டு ஹரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற உருக்கைத் தேடியபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கு துருவேறாமல் இருப்பதைக் கண்டார். அந்நகரின் கத்தித் தொழிலாளர் முதலில் அதனை வரவேற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நகைத்தனராம். தோய்ச்சல் முறை திருந்தியபின் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சந்தையில் மலிவாய் விற்கும் துருவேறாக் கத்திகளுட் பல, தகட்டிலிருந்து அச்சாக வெட்டி எடுக்கப்பட்டு, போதிய தோய்ச்சலின்றி வருவன. மினுக்கத்துக்குக் குறைவில்லை, வாய் ஒரு கிழமை தங்காது. மாரிகாலத்து ஈரத்தில் நாட்டுக்கத்தி கறுத்துப்போகிறதே என்று அதனை எறிந்துவிட்டு இவற்றை வாங்குவோர் இரண்டாம் முறையும் சந்தைக்குப் போகவேண்டியிருக்கும். மாங்காய்ப் புளிப்பும் வாழைக்கயரும் பட்டு அலகு கறுப்பதனால் தீங்கில்லை. செந்நிறத் துருவே அலகைத் தின்பது. துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவிவைத்தால் அது அண்டாது.

அமைப்பைப் பொறுத்தமட்டில், பல நாட்டவரும் பல வழியாய்ச் சென்று ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து நின்றிருக்கின்றனர். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890ஆம் ஆண்டளவில் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி, ஒரு மரப்பிடியும் ஓர் அலகும் மட்டுமே கொண்டது. சுவிற்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1891ஆம் ஆண்டு முதல் படைவீரர்களுக்கு வழங்கிய கத்தியிலோ தகரப்பேணி திறப்பதற்கும் துப்பாக்கியின் திருகாணி கழற்றுவதற்கும் கருவிகள் சேர்ந்திருந்தன. இரண்டினுள்ளும் உழவருக்கு உகந்தது முன்னையதே என்று துணிந்து கூறலாம். சேறு படிந்த விரலால் ஐந்து கருவிகளுள் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் கன்றின் மூச்சுப் போய்விடும். மடக்குக்கத்தியின் பெருங்குறை, அழுத்தும்போது அலகு விரலின்மேல் மடங்கிவிடுவது. 1955ஆம் ஆண்டில் ஒப்பினெல் கத்தியின் கழுத்தில் சுழலும் ஒரு வளையம் சேர்க்கப்பட்டது. அதைத் திருப்பிவிட்டால் அலகு அசையாது. வில் தளர்ந்த பழைய கத்தியைக் கையாளுவோர் இந்த ஆபத்தை மனத்திற் கொள்வது நன்று. அலகின் நீளம் 3 அங்குலம் போதும். நீளம் மிகுந்தால் அதைக்கொண்டு நெம்பும் எண்ணம் வரும். நுனி முறிந்த கத்திகளுள் பெரும்பாலானவை வெட்டி முறிந்தவையல்ல, நெம்பி முறிந்தவையே.

வன்னியில் இச்சிறு பொருளுக்கு மற்றொரு வரலாறும் சேர்ந்துவிட்டது. 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரைப் படையினர் கைப்பற்றியபோது, ஸ்கந்தபுரமும் அக்கராயனும் இடம்பெயர்ந்து வந்தோரால் நிறைந்தன. மர நிழலிலும் தறப்பாளின் கீழும் குடும்பங்கள் தங்கின. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்கந்தபுரத்தாரும் தம் வீடுகளை விட்டுக் கிழக்கு நோக்கிச் செல்ல நேர்ந்தது. அத்தகைய பயணத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கச் சில நாழிகைகளே கிடைக்கும். கத்தி விடப்படும் பொருள்களில் ஒன்றன்று. தடி வெட்டிக் கொட்டில் போடுவதற்கும், கயிறு அறுப்பதற்கும், விறகு பிளப்பதற்கும், கிடைத்ததைச் சமைப்பதற்கும் அதுவே வேண்டும். போர் முடிந்து மீளக் குடியேறியபோது வளவுகள் பற்றைக்காடாய்க் கிடந்தன. கண்ணிவெடி அகற்றுவோர் வேலை முடித்துச் சென்ற நிலத்தில், முதலில் இறங்கியது காட்டுக்கத்தி. கொல்லுலை இல்லாத ஊரில் மழுங்கிய கத்தியோடு பற்றை வெட்டுவது எத்தகைய துன்பம் என்பதை அக்காலத்தில் அங்கிருந்தோர் அறிவர்.

மழுங்கிய கத்தியே காயம் விளைக்கும் கத்தி. கூரிய வாய் வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கியது வழுக்கி வேறிடத்துக்குப் பாயும். தீட்டும்பொழுது கல்லை நனைத்து, அலகைக் கல்லோடு 20 பாகை அளவு சாய்த்து, இருபுறமும் சமமாய்த் தேய்த்தல் வேண்டும். மின்சாரத்தில் வேகமாய்ச் சுழலும் உலர்ந்த சாணையில் கொடுப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் பொறி பறக்கும் அவ்வேகத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் கொல்லர் இட்ட கடினம் போய்விட்டது என்று பொருள். எத்தனை முறை தீட்டினும் அப்பகுதி கூர்மையைத் தாங்காது.

மடிக்கத்தி ஒருபோதும் செய்யக்கூடாத வேலை ஒன்றும் உண்டு. வயலில் பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறி இரத்தம் வெளியேற்றும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. முத்திரைப் புடையனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையையே கெடுத்துவிடும். அந்நிலையில் கீறிய இடத்தில் பெருகும் குருதி நிற்காது. கடிபட்டவரை அசையவிடாமல், கத்தியை மடியிலேயே வைத்துக்கொண்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும்.

நன்றாய்ப் பேணிய நாட்டுக்கத்தி பல ஆண்டுகள் உழைக்கும். கல்லில் தேயத் தேய அதன் அலகு ஒடுங்கி, இறுதியில் விரலகலத்துக்கும் குறைந்துவிடும். அப்போதும் அதனை வீசவேண்டியதில்லை. பிடியைக் கழற்றிச் சிறு பிடி போட்டு, நுனியைக் கூராக்கிக்கொண்டால் அது பாய் இழைக்கும் பெண்களுக்கு ஓலை வாரும் சத்தகமாக உதவும்.