உங்களுக்குத் தெரியுமா? பறித்த பின்னும் சிவக்கும் தர்பூசணி

கொடியினின்று பறிக்கப்பட்ட பின்னரும், அறுக்கப்படாமல் அறையின் சாதாரண உஷ்ணத்தில் இருக்கையில், தர்பூசணிப் பழம் தன் செந்நிறத்துக்குக் காரணமான லைகோபீன் என்னும் வஸ்துவை மேலும் விருத்தி செய்துகொள்கிறது என்பதை, அமெரிக்க விவசாய இலாகாவின் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. குளிர்ப்பெட்டியில் வைத்த பழத்திலோ அவ்விருத்தி மிக அற்பமே.

• ஆகவே, தர்பூசணிக் குளிர்பானம் செய்ய விரும்புவோர் முழுப் பழத்தை வெளியிலேயே வைத்திருந்து, விதை நீக்கிய துண்டுகளை மாத்திரம் உறைய வைப்பது உத்தமம்.

• பழத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஜலமே; ஆதலால் உறைந்த துண்டுகளை அரைக்கையில் ஐஸ்கட்டி அவசியமில்லை.

• லைகோபீன் கொழுப்பில் கரைவது. ஆதலால், உறைந்த துண்டுகளோடு ஆடை எடுக்காத கெட்டித் தயிரையும் சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். நீர் விட்டு அந்த அருமையான ருசியைக் குலைத்துவிடாதீர்கள்.